வலது கழுத்தில் ஒரு திருமண்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆபீசில் தெரியும், வீட்டில் தெரியும், ஒன்றாம் நம்பர் பஸ் கண்டக்டர்கள் சிலருக்கும் தெரியும். அந்தக் கோபத்தோடுதான் அன்று காலை பதினொரு மணிக்கு, திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. வாசலில், முன்பின் தெரியாத ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

"எங்கப்பா பத்து நாளா இந்தக் கட்டில்ல கிடக்கார் டாக்டர். காவேரில குளிச்சாரா, வயல்ல இறங்கினாரா, கிணத்துத் தண்ணி குடிச்சாரான்னு கேட்டா நான் என்ன சொல்றது? வாயில குழாய். கண்ணைத் திறக்கலை. எந்த வயலுக்குப் போவார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "என் கேள்வியும் அதுதான் சார். அவர் ரத்தத்துல வளர்ந்திருக்கிற கிருமி மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிறது. அவர் எங்கயும் போகல. அப்படின்னா அதுதான் அவரைத் தேடி வந்திருக்கு. எந்த வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சா அடைச்சிரலாம். சாயங்காலத்துக்குள்ள தெரியணும்."

சாயங்காலத்துக்குள் என்று அவர் சொன்னது காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் கோபம் வந்தால் எனக்குக் காது பாதிதான் வேலை செய்யும்.

"கேள்வி கேக்கறதை விட்டுட்டு நல்ல மருந்தாக் குடுங்கோ" என்றேன்.

"நாலு மருந்து போயிட்டிருக்கு சார். மருந்துக்குப் பஞ்சமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. சாதாரணச் சளிக் காய்ச்சலாகத் தொடங்கி நெஞ்சு முழுக்க நிமோனியாவாகி, ஸ்ரீரங்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் நினைவு தப்பிவிட்டது. வந்த அன்றே மூச்சு மெஷினில் வைத்தார்கள். கழுத்தின் வலது பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூப் ஒன்றை இறக்கினார்கள். அதற்கு லைன் என்று பெயர். ரத்த அழுத்தம் விழாமல் தாங்கும் மருந்து அதன் வழியாகத்தான் போனது. டியூப் நுழைகிற இடத்தை வெள்ளைப் பிளாஸ்திரி போட்டு மூடியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐ.சி.யூ. டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். எட்டாம் நாள், உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிற குளிரோடு காய்ச்சல் திரும்பி வந்தது. ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று இறங்கியது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள். பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வந்தது. அதைப் பார்த்ததும் ஐ.சி.யூ. டாக்டர், தொற்றுநோய்க்கென்றே தனியாகப் படித்த இந்த அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கத்திய சூட்டோடு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வைத்தியம் பார்க்கிற மாதிரியே தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முதல் நாளிலிருந்து எழுதிய காகிதம் அத்தனையையும் படித்தார். அப்பாவின் கால்விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டு முதுகைப் புரட்டிப் பார்த்தார். மருந்து கலக்குகிற மேஜைக்குப் போய் ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்த்தார். கை கழுவும் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். மற்றக் கட்டில்களில் யாருக்காவது இந்தக் கிருமி வந்திருக்கிறதா என்று விசாரித்தார். யாருக்கும் இல்லை. எங்கப்பாவுக்கு மட்டும்தான்.

"டாக்டரா, போலீஸா?" என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு டாக்டர்களும் கதவுக்கு வெளியே வந்து, நான் நிற்பதைக் கண்டுகொள்ளாமல் பேசினார்கள்.

"எனக்கு லைன் மேலதான் சந்தேகம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்த இடத்துல சிவப்பு இல்ல, சீழ் இல்ல. காட்டிக் குடுக்க ஒண்ணுமில்ல."

"லைனை எடுத்தா இன்னொண்ணு போடணும். ரத்தம் உறைய வேண்டிய பிளேட்லெட் எண்ணிக்கை தரையில கிடக்கு. குத்தின இடத்துல ரத்தம் நிக்கலேன்னா?" என்றார் ஐ.சி.யூ. டாக்டர். "வெறும் சந்தேகத்துக்கு நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன். வயித்துல ஏதாவது இருக்கான்னு சாயங்காலம் ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்."

"ஸ்கேனுக்குக் கீழ கொண்டு போற நிலைமையில இருக்காரா?"

"இல்லதான்."

இரண்டு பேரும் கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சில நொடிகளில்தான் என் கோபம் முழுசாக இறங்கி, பயம் மட்டும் மிஞ்சியது. இவர்களுக்கே தெரியவில்லை. அப்பா போய்விடுவார்.

அடுத்து சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். மணப்பாறைப் பக்கத்துப் பெண். பகல் நேரத்தில் அப்பாவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பெற்ற பெண் மாதிரிப் பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மருந்து கலக்கறப்ப குழாய்த் தண்ணி எதுலயாவது பட்டுச்சாம்மா? உண்மையைச் சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"இல்ல மேடம்."

"லைன் பிளாஸ்திரியை ரெண்டு தடவை மாத்தியிருக்கியே, எதுக்கு?"

"ஓரம் பிரிஞ்சு பிரிஞ்சு வந்துச்சு மேடம். வேர்வைன்னு நெனைச்சேன்." அவளுக்கு அழுகை முட்டியது. "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல மேடம்."

பிளாஸ்திரி ஓரம். அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்று அடித்தது.

இப்போது திருமண் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா குளித்தவுடன் திருமண் இடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். நெற்றியில் மட்டுமல்ல, உடம்பில் பன்னிரண்டு இடம். நெற்றி, வயிறு, மார்பு, கழுத்துக் குழி, வயிற்றின் இரண்டு பக்கம், இரண்டு தோள், கழுத்தின் இரண்டு பக்கம், பின்னிடுப்பு, பிடரி. ஒவ்வொன்றுக்கும் பெருமாளின் ஒரு திருநாமம். நானோ கல்யாணமான நாளிலிருந்து வெறும் நெற்றியோடு ஆபீஸ் போகிறவன். "வெறும் நெத்தி வந்துடுத்து" என்றுதான் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அப்பா அம்மாவிடம் சொல்வார். இருபது வருஷமாகக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐ.சி.யூ.வில் மூன்றாம் நாள் அம்மா சொன்னாள். "அப்பா வெறுமனே கிடக்கறார்டா. நீ போய் இட்டு விடு. பன்னெண்டும் இடு. பெருமாள் தீர்த்தத்துலயே குழைச்சு இடு." ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் எங்கள் வீட்டுப் பெருமாள் தீர்த்தத்தை ஊற்றி, துளசி ஒன்றைக் கிள்ளிப் போட்டு, அப்பாவின் திருமண் பெட்டியோடு என் பையில் வைத்தாள்.

அந்த சிஸ்டரிடம்தான் கெஞ்சினேன். "நெத்தியில மட்டும் சார். ஒரே ஒரு கோடு. டாக்டர் பாத்தா எனக்குத் திட்டு விழும்" என்று சொல்லி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் திரும்பிக்கொண்ட நேரத்தில் நான் நெற்றியில் மட்டுமா இட்டேன்? வாசலில் கொடுத்த கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டு போவேன். உள்ளே போனதும் அதே உள்ளங்கையில் தீர்த்தத்தை விட்டுத் திருமண் கட்டியைக் குழைப்பேன். நீர்க்க, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், போர்வைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக இடுவேன். பின்னிடுப்பும் பிடரியும் எட்டாது, அவற்றை மனசால் இடுவேன். திருநாமங்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாய்க்குள் சொல்வேன். ஏழாவது திருநாமம் திரிவிக்ரமன். அதற்கு இடம் வலது கழுத்து. அங்கே பிளாஸ்திரி இருந்தது. விட்டுவிடலாம்தான். விட மனசு வரவில்லை. நகத்தால் ஓரத்தைத் தூக்கி, விரலை உள்ளே விட்டு ஒரு கோடு இழுத்து, மறுபடி அமுக்கி ஒட்டிவிடுவேன்.

ஏழு நாள் இப்படிச் செய்தேன். வெளியே வரும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? அப்பாவுக்கு நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று தோன்றும்.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். மூன்றாம் நாள் கொண்டுவந்த அதே பாட்டில். தீர்த்தத்தைக் கொட்டக் கூடாது என்பதால் ஒருநாளும் காலி செய்து கழுவவில்லை. குறைந்தால் அம்மா மேலே ஊற்றி நிரப்புவாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். துளசி கறுத்து, அடியில் ஒட்டிக் கிடந்தது. பாட்டிலைச் சாய்த்தபோது உள்பக்கச் சுவரில் ஒரு வழவழப்பு இறங்கியது.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே அப்பாவின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்க, இங்கே நான், சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பனைப் பிள்ளையே கொன்றான் என்பார்கள். அம்மா தாங்க மாட்டாள். இது இல்லாமலும் இருக்கலாம், வேறு ஏதாவது காரணமாக இருக்கலாம், ஸ்கேனில் தெரிந்துவிடலாம். இப்படியெல்லாம் புத்தி போயிற்று. ஊர் முழுக்கக் கத்திப் பேசுகிறவன் நான். அன்றைக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. கோழை என்றால் அதுதான்.

போன் அடித்தது. அம்மா.

"இன்னிக்குப் பன்னெண்டும் இட்டியாடா?"

"இன்னும் உள்ள விடலைம்மா" என்று வைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் சிஸ்டர் சாப்பாட்டுப் பையோடு படியிறங்கி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து நின்றாள்.

"பெரியவர் கட்டில்லேருந்து என்னை மாத்திட்டாங்க சார். விசாரிக்கப் போறாங்களாம். நான் அவருக்கு ஒரு கெடுதலும் பண்ணல. நீங்களாவது நம்புங்க சார்."

அவள் முகத்தை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

டாக்டரம்மா நர்சுகள் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். பாட்டிலை அவர் முன்னால் வைத்தேன். எப்படித் தொடங்கினேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. பாதியில் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கழுத்துல எந்தப் பக்கம்?"

"வலது."

"பிளாஸ்திரியைத் தூக்கினீங்களா?"

"ஓரத்தை மட்டும்."

"எத்தனை நாள்?"

"ஏழு நாள்."

"இந்தப் பாட்டிலைக் கழுவினீங்களா?"

"தீர்த்தம்... கொட்டப்படாது. மேல ஊத்தி நிரப்பிப்போம்."

கையுறையைப் போட்டுக்கொண்டு பாட்டிலைத் தூக்கி, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். உடனே இன்னொரு கையால் போனை எடுத்து ஐ.சி.யூ. டாக்டரிடம், "வழி தெரிஞ்சிருச்சு. லைன்தான். ஸ்கேன் வேணாம், லைனை எடுத்துருவோம்" என்றார்.

"என்னை நாலு திட்டுத் திட்டிடுங்கோ டாக்டர்" என்றேன். நிஜமாகவே அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"அதுக்கு இப்ப நேரமில்ல சார். அப்புறமாத் திட்டறேன். முதல்ல இதுல கையெழுத்துப் போடுங்க."

தொடை வழியாகப் புது லைன் போடச் சம்மதம். ரத்தப்போக்கு ஏற்படலாம், உயிருக்கு ஆபத்து நேரலாம் என்று அச்சடித்திருந்தது. கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ரத்தம் உறையப் பிளேட்லெட் பை இரண்டு வந்தது. திரையை இழுத்துவிட்டார்கள்.

அந்த முக்கால் மணி நேரம் திரைக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐ.சி.யூ. டாக்டரின் கறுப்பு ஷூ அசையவே இல்லை. டாக்டரம்மாவின் செருப்பு அங்குமிங்கும் போயிற்று. ஒரு சமயம் மெஷின் ஒன்று விடாமல் கத்தியது. யாரோ "அமுக்குங்க, அமுக்குங்க, கையை எடுக்காதீங்க" என்றார்கள். திருநாமங்களைச் சொல்லலாம் என்று பார்த்தேன். ஏழாவதற்கு மேல் வாய் வரவில்லை.

திரை விலகியது. அப்பா இருந்தார். டாக்டரம்மா வெளியே வந்து, "ரத்தம் நின்னுருச்சு. பழைய லைனோட நுனியை லேபுக்கு அனுப்பிட்டேன், உங்க பாட்டிலும் போயிருக்கு. நாலு மருந்துல மூணை நிறுத்தறேன். வேற ஒண்ணு சேக்கறேன், ரொம்பப் பழைய மருந்து, இந்தக் கிருமிக்கு அதுதான் கேக்கும்" என்றார்.

மூணை நிறுத்துகிறாரா என்று பழைய ஆள் உள்ளே எழுந்தான். அடக்கிக்கொண்டேன். இனிமேல் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அன்று காய்ச்சல் குறையவில்லை. மறுநாளும் குறையவில்லை. இரண்டு நாளும் நான் சோறு தின்றேனா என்று அம்மாதான் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் காலை கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஐ.சி.யூ. டாக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ரத்த அழுத்த மருந்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அழுதேன். எல்லோரும் பார்க்க, வாசலிலேயே அழுதேன்.

லேப் ரிசல்டை டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பாட்டிலிலும் லைன் நுனியிலும் அப்பாவின் ரத்தத்திலும் ஒரே கிருமி. "தீர்த்தத்துல தப்பில்ல சார். நாள் கணக்கா ஒரே பாட்டில்ல தேங்கினா எந்தத் தண்ணியும் இப்படித்தான். அதைக் கழுத்து வழியா நேரா இதயத்துக்கு அனுப்பியிருக்கீங்க. சிஸ்டர்கிட்டயும் அவங்க மேட்ரன்கிட்டயும் நானே பேசிட்டேன்."

"திட்டறேன்னேளே டாக்டர்?"

"திட்டிட்டேனே இப்ப" என்றார்.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நெத்தியில மட்டும்னு சொன்னேன்ல சார்?" என்றாள். அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டில் விரிப்பை இழுத்துவிட்டாள்.

அப்பா கண் திறந்தார், குழாயை எடுத்தார்கள், வார்டுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குக் கிளம்பிய அன்று நான் கீழே மருந்து வாங்கப் போய்விட்டு வந்தபோது, டாக்டரம்மா அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து போனார். என்ன பேச்சு என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபின் எனக்குப் புதுத் தண்டனை ஆரம்பமானது. உத்தர வீதியிலிருந்து சித்திரை வீதி வரைக்கும் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் அம்மா ஒரே கதையைச் சொன்னாள். "டாக்டர்கள்லாம் கையை விரிச்சாச்சு. இவன் ஒருநாள் விடாம பன்னெண்டு திருமண்ணும் இட்டான். அதுதான் காப்பாத்தித்து." வந்தவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. நான் உள்ளே போய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் பலமுறை போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. அப்பா குளித்துவிட்டுப் பூஜை அறையான பெருமாள் உள்ளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் திருமண் பெட்டி. எடுக்கப் போனவர் கை நடுங்கி நிறுத்தினார்.

"நீயே இட்டு விடு" என்றார்.

உட்கார்ந்தேன். கட்டியைக் குழைத்தேன். நெற்றி, வயிறு, மார்பு, கழுத்துக் குழி. காகிதம் இல்லாமலே திருநாமங்கள் வந்தன. வலது வயிறு, வலது தோள். அப்பா தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது கழுத்தில் லைன் இருந்த இடத்தில் மிளகளவு தழும்பு. என் விரல் அதற்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டே?"

"அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்..."

"அந்த டாக்டரம்மா எல்லாத்தையும் சொல்லியாச்சு" என்றார் அப்பா. தலையை நிமிர்த்தவில்லை. "நீயா வந்து சொன்னதாலதான் லைனை எடுத்தாளாம். இல்லேன்னா நான் இல்லையாம். உங்கம்மாவுக்கு இது தெரிய வேண்டாம், அவ சொல்லிண்டு திரியட்டும்."

திருமண் விரலோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன முழிக்கறே? போ. கையை சோப்புப் போட்டு நன்னா அலம்பிண்டு, புதுத் தண்ணி பிடிச்சுண்டு வா."

குழாயடிக்குப் போய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிண்ணத்தையும் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அப்பா கழுத்தைச் சாய்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.